கேபினெட்டை வெட்ட எந்த மெஷின் வாங்கலாம்? - பட்டறைப் பக்கம் கேள்வி பதில்

பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றின் மேல்தகட்டை வெட்டி இரண்டாவது ஃபேன் வைத்ததைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். எதை வைத்து வெட்டினீர்கள் என்று கேட்டே இந்த மாதம் பாதிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: பாம்பனில் லேத் பட்டறையில் பதினான்கு வருடம் இருந்தேன், இப்போது மண்டபத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் தங்கச்சிமடம், பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். வீட்டில் இருக்கும் பழைய கேபினெட்டில் பக்கத் தகட்டில் ஜன்னல் வெட்டி, மேலே 120 மி.மீ. ஃபேன் வைக்க ஆசை. கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. கடையில் கையில் பிடித்து வெட்டுகிற, தேய்க்கிற 180 வாட் மினி மெஷின் (ரோட்டரி டூல்) ஒன்றை, அதில் மாட்டும் 200 பிட்டோடு காட்டினார்கள். அதே வகையில் டிரெமெல் கம்பெனி மெஷின் விலை கூடுதல், ஆனால் 130 வாட்தான். மாமா, "படகு வேலைக்கு வச்சிருக்க நாலு இன்ச் கிரைண்டர் சும்மாதானே கெடக்கு, எதுக்குடா காசைக் கரியாக்குற" என்கிறார். எதை எடுப்பது?

தம்பி, மாமா சொல்வதைத் தள்ளிவிடாதே. அந்த கிரைண்டருக்கும் இதில் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் நீ வெட்டப்போகும் தகட்டைப் பார். பழைய கேபினெட்டுகளில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்புத் தகடுதான் இருக்கும். கனம் அரை மில்லிமீட்டரில் இருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை. பூச்சோ சில மைக்ரான்தான். அதற்கு மேலே பெயின்ட். இந்தப் பூச்சையும் பெயின்ட்டையும் சுடாமல் வெட்டித் தருகிற மெஷின்தான் நமக்கு வேண்டும். கடலை விட்டுத் தள்ளி இருப்பவனுக்கு இது கொஞ்சம் விட்டுப்போனாலும் தாங்கும். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற நம் ஊரில் தாங்காது.

மெஷினில் மாட்டி வெட்டுகிற டிஸ்க் ஏன் சுடுகிறது? நேராகச் சுழலாமல் ஆடினால் தன் கனத்தைவிட அகலமாகத் தகட்டை உரசும். வேகம் குறைந்தால் வெட்டாமல் தேய்க்கும். இரண்டிலும் சூடுதான் மிச்சம். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். வெட்டின ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்து, அதை ஒட்டி நீலமும் பழுப்புமாக ஒரு பட்டை தெரிந்தால், அந்தப் பட்டை முழுக்கப் பூச்சு போய்விட்டது என்று வைத்துக்கொள். நல்ல மெஷினில் அந்தப் பட்டை நூல் போல மெலிதாக இருக்கும். ஆடுகிற மெஷினில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ஆகவே வாட்டை வைத்துத் தேர்வு செய்யாதே. டப்பாவில் போட்டிருக்கும் வாட் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. டிஸ்க்கின் விளிம்புக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது பேரிங்கையும் காலெட்டையும் பொறுத்தது. பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கிற பித்தளை அல்லது இரும்புச் சிமிழைத்தான் காலெட் என்கிறோம். 200 பிட்டில் உனக்கு ஆகப்போவது ஏழெட்டு. மீதி கல்லும் பிரஷும் டப்பாவிலேயே துருப்பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது 3.2 மி.மீ. தண்டுள்ள நேரான டிரில் பிட் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போ. மெஷினில் மாட்டி இறுக்கு. ஸ்விட்ச் போடாமல் விரலால் மெதுவாகச் சுற்று. பிட்டின் மழமழப்பான தண்டுப் பக்கத்துக்கு எதிரே ஒரு தீக்குச்சியை மயிரிழை இடைவெளியில் அசையாமல் பிடி. ஒரு சுற்று முழுக்க அந்த இடைவெளி மாறாமல் இருந்தால் நல்ல மெஷின். ஒரு பக்கம் குச்சியை இடித்து மறுபக்கம் விலகினால் லேத் பட்டறையில் அதை அவுட் என்போம். கழற்றி, பிட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் மாட்டிப் பார். அப்போதும் அவுட் அடித்தால் அந்த மெஷின் வேண்டாம். அடுத்து, தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், பேரிங்கில் ப்ளே, அதாவது தளர்ச்சி, இருந்தால் கையிலேயே தெரியும். பிறகு ஓடவிட்டு, குறைந்த வேகத்தில் இருந்து கூடின வேகம் வரை மெதுவாகத் திருப்பு. சத்தம் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது கரகரத்து உடம்பு அதிர்ந்தால் விட்டுவிடு. ஐந்து நிமிடம் ஓடவிட்டு மெஷினின் மூக்குப் பக்கம் கையை வை. வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இந்தச் சோதனையைச் செய்யவிடாத கடையில் நான் வாங்குவதில்லை.

டிரெமெல் 1932-ல் அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் தொடங்கிய கம்பெனி, 1993-ல் போஷ் வாங்கியது. இந்த வகை மெஷின் எல்லாவற்றையும் டிரெமெல் என்றே சொல்கிற அளவுக்குப் பெயர் பரவிவிட்டது. 3000 என்ற மாடல் 130 வாட், நிமிடத்துக்கு 10,000 முதல் 33,000 சுற்று. 4000 என்ற மாடல் 175 வாட், 5,000 முதல் 35,000. பெரியதில் ஒரு வசதி உண்டு. அழுத்தம் கூடி வேகம் விழப் பார்த்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தூக்கிக் கொடுக்கும். நம் வேலைக்கு 130 வாட்டே போதும், அழுத்தாமல் வெட்டத் தெரிந்தால். 3,000 ரூபாய்க்குள் புதியது அமையாவிட்டால், நல்ல நிலையில் உள்ள பழையதைத் தீக்குச்சி வைத்துப் பார்த்து எடு. அதுவும் கிடைக்கவில்லையா, சாதாரண செட்டிலேயே நாலைந்து மெஷினைச் சோதித்து ஆடாத ஒன்றைப் பொறுக்கு. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த மெஷின்களுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் 600 ரூபாயைத் தனியாக எடுத்து வை. அது டிஸ்க்குக்கும், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கும். செட்டோடு வரும் பழுப்பு நிற மெல்லிய டிஸ்க்குகள் கொஞ்சம் சாய்ந்தாலே சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணாடி நார் வலை வைத்த டிஸ்க்காக வாங்கு. வெளிச்சத்தில் பிடித்தால் கொசுவலை போலக் கட்டம் தெரியும். அளவு 38 மி.மீ. எடு. அந்த டிஸ்க் 33,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 65 மீட்டர் போகிறது. மாமாவின் கிரைண்டரில் 105 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் ஓடினால் விளிம்பு நொடிக்கு 60 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பார்த்தாயா? 24 மி.மீ. டிஸ்க் போட்டாலோ அதே சுற்றில் 41 மீட்டர்தான் வரும். அதனால்தான் சின்ன டிஸ்க் தேய்ந்து தேய்ந்து சுடுகிறது. டிஸ்க்கில் எழுதியிருக்கும் உச்ச சுற்று, மெஷினின் உச்ச சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே மாட்டாதே.

இப்போது மாமாவின் கிரைண்டர். ஜன்னலின் நீளமான நேர்கோடுகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். தகட்டின் மேலும் கீழும் பிளைவுட் பலகை வைத்து, கோட்டை ஒட்டி சி-கிளாம்பில் இறுக்கிவிட்டால் தகடு அதிராது. மூலைக்கு மட்டும் அதைக் கொண்டு போகாதே. டிஸ்க் வட்டமானது, தகட்டுக்குள் 3 மி.மீ. இறங்கினாலே மேலே 35 மி.மீ. நீளத்துக்குக் கீறல் விழும். மூலையைத் தாண்டிப் போன கீறலை எதை வைத்தும் மறைக்க முடியாது. 38 மி.மீ. டிஸ்க்கில் அதே ஆழத்துக்கு 20 மி.மீ. கீறல்தான். ஆகவே கோட்டை மூலைக்கு இரண்டு அங்குலம் முன்பே கிரைண்டரில் நிறுத்திவிட்டு, மீதியைச் சின்ன மெஷினில் எடு. கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரை ஆக்ஸா பிளேடாலும் அரத்தாலும் முடி. பிளேடு அங்குலத்துக்கு 32 பல் உள்ளதாக இருக்கட்டும். பல் பெரிதாக இருந்தால் மெல்லிய தகட்டில் மாட்டி இழுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மட்டும் கிரைண்டரைக் கேட்காதே. படகெல்லாம் கரையேறி வேலை நடக்கும், மாமாவுக்கே அது வேண்டும்.

ஃபேன் ஓட்டைக்கு இரண்டு மெஷினுமே சரிப்படாது. நேராக ஓடும் டிஸ்க்கை வளைவில் தள்ளினால் இரு பக்கமும் இறுகி உடையும். வட்டமாக ஓட்டை வெட்டும் 114 மி.மீ. ஹோல் சா வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் டிரில் மெஷினில் குறைந்த வேகத்தில் போட்டு ஒரே தடவையில் எடுத்துவிடலாம். இல்லையென்றால் மெல்லிய தகட்டுக்கான பிளேடு போட்ட, வளைவாக அறுக்கும் ஜிக் சா. அதுவும் இல்லையென்றால் வட்டம் வரைந்து, சின்ன மெஷினிலேயே கோட்டுக்கு உள்ளே குட்டிக் குட்டி நேர்வெட்டாகப் பலகோணம் போல வெட்டி, மீதியை உப்புத்தாள் சுற்றிய சாண்டிங் டிரம்மால் தேய்த்து வட்டத்துக்குக் கொண்டு வா. ஒரு மாலை முழுக்க ஆகும், ஆனால் வரும். 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்க்ரூ ஓட்டைகள் 105 மி.மீ. இடைவெளியில் வரும். நாளைக்கு 140 ஃபேனுக்கு மாறினால் அது 124.5. சென்டர் பஞ்ச்சால் சின்னக் குழி அடிக்காமல் டிரில் வைக்காதே, பெயின்ட்டில் வழுக்கி ஓடிக் கீறிவிடும்.

வெட்டும்போது கை எடையே போதும். டிஸ்க்கை ஒரே தடவையில் கீழே இறக்காமல், முதலில் கோடு நெடுக லேசாக ஒரு பள்ளம் போடு. அந்தப் பள்ளத்திலேயே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போ. பொறி ஒரே பக்கமாக, நேராகச் சீறிக்கொண்டு வந்தால் சரியாக வெட்டுகிறது. பொறி சிதறி, மெஷின் சத்தம் தாழ்ந்தால் அழுத்துகிறாய் என்று அர்த்தம். வெட்டி முடித்ததும் ஓரத்துக்கு என்ன பூசுவது என்பதைக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் மெஷினைத் தொடாதே.

கேள்வி: நான் கீழக்கரை, கல்லூரி மாணவி. எங்கள் காக்கா (அண்ணன்) துபாயில் இருந்து அடுத்த மாதம் வருகிறார். மாமா மகன் அமெரிக்காவில் இருந்து வருகிறார். இருவருமே ரோட்டரி டூல் வாங்கி வருவதாகச் சொல்கிறார்கள். நம் ஊர் கரண்டுக்கு எது ஒத்துவரும்?

காக்கா கொண்டு வருவதை வாங்கிக்கொள்ளம்மா. துபாயிலும் நம்மைப் போல 230 வோல்ட்டை ஒட்டித்தான். பிளக் மட்டும் மூன்று தட்டைக் கம்பியாக இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேராகச் செருகினால் சில நொடியில் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிடும். அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 175 வாட் மெஷினுக்கு 300 வி.ஏ. தாங்கும் திறன் உள்ளதாக எடுத்தால் சூடாகாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்று சிலர் பயமுறுத்துவார்கள். கார்பன் பிரஷ் (உள்ளே கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) வைத்த இந்த வகை மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை. பேட்டரி மெஷின் என்றால் சார்ஜரின் அடியில் இருக்கும் எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். 100 முதல் 240 வரை என்று இருந்தால் சரி, 120 என்று மட்டும் இருந்தால் வேண்டாம்.

கேபினெட் வெட்ட எனக்குப் பேட்டரியைவிட வயர் மெஷின்தான் பிடிக்கும். பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும், டிஸ்க் தேய்க்க ஆரம்பிக்கும். அதோடு நம் உப்புக்காற்றில் பேட்டரியின் பித்தளைக் காலில் பச்சை பிடிக்காமல் பார்ப்பது தனி வேலை. எந்த மெஷினானாலும் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கார்பன் பிரஷைக் கழற்றிப் பார். 3 மி.மீ.-க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பி வேலை செய்கிறோம். தொங்க விட்ட மோட்டாரில் நீளத் தண்டு மாட்டி, காலால் மிதித்து வேகம் கூட்டும் மெஷின் இருக்கிறது. மகன் கம்ப்யூட்டர் பெட்டியை வெட்ட அதைக் கேட்கிறான். கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. நகை செய்யும் பத்தர்களும் வைத்திருக்கிறார்களே, அதே மெஷின்தான். பேனா பிடிப்பது போல மெல்லிய கைப்பிடி, கனமெல்லாம் மேலே மோட்டாரில். ஓரத்தைத் தேய்க்க, பிசிறு எடுக்க, மூலையை அரைக்க இதைவிடச் சொகுசான கருவி கிடையாது. நீங்கள் சங்கில் பூ வெட்டும் நுணுக்கத்தை மகனுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், தகட்டு ஓரத்தைப் பட்டை தீட்டிவிடுவான். மிதிகட்டையில் வேகத்தைக் கால் பார்த்துக்கொள்வதால் இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

தகட்டை அறுக்க மட்டும் அது மெதுவானது. இந்த மோட்டார்கள் பெரும்பாலும் 18,000 சுற்றை ஒட்டித்தான் ஓடும். 38 மி.மீ. டிஸ்க் போட்டால் விளிம்பு வேகம் நொடிக்கு 36 மீட்டர்தான் வரும், டிரெமெல்லில் வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நீளமான வெட்டுகளை வேறு மெஷினில் முடித்துவிட்டு, ஓர வேலைக்கு இதைக் கொடுங்கள். தண்டை ஒரேயடியாக வளைத்துப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே ஓடும் கம்பி சூடாகி அறுந்துவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியைத் துடைத்து வைக்கட்டும். சங்குப் பொடியும் இரும்புப் பொடியும் சேர்ந்தால் பேரிங்குக்கு ஆகாது. இன்னொன்று, உங்களுக்காகவே எழுதுகிறேன். சங்குப் பொடியை இத்தனை வருடம் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சமாளித்திருப்பீர்கள். துண்டு அந்த நைஸ் பொடியைத் தடுக்காது. நல்ல என்-95 முகமூடி இரண்டு வாங்கி, மகனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று வையுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு வாங்கிய அக்ரிலிக்கை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) மெஷினில் வெட்டினால் உருகி மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. (தொண்டி)

வேகம் அதிகம். இந்த ஒரு வேலைக்கு உச்ச வேகம் எதிரி. உங்கள் மெஷினின் கீழ் வேகமே 10,000 என்றால் அக்ரிலிக்கில் உருகத்தான் செய்யும். 3 மி.மீ. அக்ரிலிக்கை நேர்கோட்டில் வெட்ட மெஷினே வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிக்காமல், இரும்பு ஸ்கேலை வைத்து அக்ரிலிக் கட்டரால் பத்துப் பதினைந்து தடவை ஒரே கோட்டில் இழுங்கள். கோட்டை மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து, சுத்தமாக முறியும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் முடிந்தது.

கேள்வி: மகனுக்கு 14 வயது. கேபினெட்டை வெட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். மெஷினைக் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. (தேவிபட்டினம்)

உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் தடுக்காதீர்கள் ஐயா. அளப்பது, கோடு போடுவது, பஞ்ச் அடிப்பது, அரம் போடுவது எல்லாம் அவனே செய்யட்டும். டிஸ்க் ஓடும் நேரம் மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதல் வெட்டைக் கேபினெட்டில் போடாமல் ஒரு பழைய தகர டின்னில் போடச் சொல்லுங்கள்.

கண்ணுக்கு மூடின கண்ணாடி இல்லாமல் ஸ்விட்ச் போடக் கூடாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டறையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு கிளாம்பின் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்தது பவர் கண்ணாடி. டிஸ்க் உடைந்து ஒரு துண்டு வலப்பக்கக் கண்ணாடியில் பட்டு நட்சத்திரம் போலக் கீறியது. இன்னொரு துண்டு கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் இடையே இருந்த சந்தில் நுழைந்து கண்ணுக்குக் கீழே கிழித்தது. மூன்று தையல். அரை அங்குலம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும். அந்தத் தழும்பை இன்றைக்கும் கடைக்கு வரும் பையன்களிடம் காட்டித்தான் கண்ணாடி போடச் சொல்கிறேன். பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற, பக்கமும் மூடிய கண்ணாடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். டிஸ்க் சுழலும் கோட்டுக்கு நேரே முகத்தை வைக்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கப் பழக்குங்கள். கைலி, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் உடம்பில் வேண்டாம். கம்பளிக் கையுறையும் வேண்டாம், தண்டில் சுற்றிக்கொள்ளும்.

வீட்டில் ஃபைபர் படகு வேலை நடக்கிறதா? ரெசின், தின்னர், அவுட்போர்டு மோட்டாருக்கு வைத்திருக்கும் பெட்ரோல் இவை இருக்கும் பக்கமே பொறி போகக் கூடாது. வெள்ளை டைல்ஸ் போட்ட தரையிலும் வெட்ட விடாதீர்கள். பொறி அதில் உருகி ஒட்டிக்கொள்ளும், நாலு நாள் கழித்துப் பார்த்தால் தரை முழுக்கச் சிவப்புப் புள்ளி, தேய்த்தாலும் போகாது. மண் தரையில், காற்றுக்கு முதுகு காட்டி வெட்டுவது நல்லது.

இன்னொன்று, வெட்டுவதற்கு முன் மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். துணி போட்டு மூடிவிட்டு வெட்டலாம் என்று ஒருவர் கொண்டு வந்த போர்டில், மெமரி ஸ்லாட்டின் கால்களுக்கு நடுவே இரும்புப் பொடி மீசை போல நின்றதைப் பார்த்தேன். ஒரு காந்தத்தைப் பாலிதீன் கவரில் போட்டு, வெட்டிய கேபினெட்டின் உள்மூலை எல்லாம் தடவச் சொல்லுங்கள். பொடி கவரில் கொத்தாக ஒட்டும். கவரை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிக் காந்தத்தை உருவினால் பொடி கவரோடு போய்விடும். அலுமினியக் கேபினெட் என்றால் காந்தம் பிடிக்காது, பிரஷும் ஈரத்துணியும்தான்.

கேள்வி: நீங்கள் செய்தது போலவே நானும் முன்பே மேல்தகட்டை வெட்டி ஃபேன் வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பாகப் பொரிந்து, பெயின்ட் உரிகிறது. மதுரையில் இருக்கும் நண்பன் போன வருடம் வெட்டினது அப்படியே இருக்கிறதாம். (வாலிநோக்கம்)

மதுரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே இருப்பது உப்பு. கடல் உப்பு கண்ணுக்குத் தெரியாத தூசாக வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் பெரும்பாலான ராத்திரிகள் அப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் கேபினெட் ஓரம் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்கள் எவ்வளவு அரிபடுகின்றன என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கே அது தேவைப்படும் ஊரில், நாம் முக்கால் மில்லிமீட்டர் தகட்டை வெட்டிவிட்டு வெறும் ஓரமாக விடுகிறோம்.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் கேபினெட்டைச் சாயங்காலம் வெட்டி முடித்தேன். அரம் போட்டு ஓரம் வெள்ளி மாதிரி மின்னியது. பிரைமர் காலையில் அடிக்கலாம் என்று வைத்துவிட்டுப் போனேன். வாடைக்காற்று காலம். காலையில் வந்து பார்த்தால் ஓரம் முழுக்க மஞ்சள் தூவியது போல இருந்தது. நான் பிடித்துத் தூக்கிய இடத்தில் நாலு விரல் ரேகையும் பழுப்பாகத் தெளிவாகத் தெரிந்தது. வியர்வை உப்பு. அன்றைக்கு அதன் மேலேயே பிரைமர் அடித்துக் கொடுத்தேன், ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, வெட்டுகிற அன்றைக்கே பிரைமர் முடியாது என்று தோன்றினால் வெட்டவே ஆரம்பிப்பதில்லை.

உங்கள் கேபினெட்டைக் காப்பாற்றலாம். பொரிந்த பெயின்ட்டை அரை அங்குலம் தள்ளி வரைக்கும் சுரண்டுங்கள். ரோட்டரி டூலில் கம்பி பிரஷ் மாட்டி, 15,000 சுற்றுக்குள் வைத்து, குழிக்குள் இருக்கும் கருப்பு எல்லாம் போகும்வரை தேயுங்கள். கம்பி உதிர்ந்து தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். பிறகு 120 உப்புத்தாள். அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்துப் போர் தண்ணீரே உப்பு. குடிக்கிற தண்ணீரை எடுங்கள். உடனே உலர்ந்த துணி, ஹேர் டிரையர் இருந்தால் சூடான காற்று. அப்புறம் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். இதற்குப் பிறகு ஓரத்தில் வெறும் விரல் படக் கூடாது.

பூச்சுக்குத் துத்தநாகம் கலந்த ஸ்பிரே முதல் கோட்டு. வெட்டும்போது போன துத்தநாகத்தை அதுதான் திருப்பிக் கொடுக்கிறது, இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடும். தகட்டின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து அடிக்காமல், வெட்டின குறுக்கு முகத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் போகிற மாதிரி சாய்த்து அடிக்க வேண்டும். துரு பிடிப்பது அந்தக் குறுக்கு முகத்தில்தான். அது காய்ந்ததும், இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். படகுக்கு எபாக்சி அடிக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால், கடைசியில் டப்பாவில் மிஞ்சுவதில் ஒரு டம்ளர் கேளுங்கள், இந்த வேலைக்கு அது ஏராளம். இரண்டு பாகத்தையும் அவர்களையே கலந்து தரச் சொல்லி, கெட்டியாகும் முன் பிரஷால் ஓரத்தில் தடவிவிடுங்கள். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டோடு நிறுத்தினால் நம் கரையில் நிற்காது, அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேலே உங்களுக்குப் பிடித்த நிறம்.

ஓரத்தை மூடும் ரப்பர் பட்டை (பீடிங்) மாட்டியிருந்தீர்களா என்று எழுதவில்லை. மாட்டியிருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், பழையதன் உள்ளே உப்பு இருக்கும். புதியதை எபாக்சி முழுதாக இறுகின பிறகு, ஒரு வாரம் விட்டே மாட்டுங்கள். காயாத பெயின்ட்டில் அழுத்தினால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது பூச்சையும் சேர்த்து உரித்து வரும். ஃபேன் ஸ்க்ரூ நான்கையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினால், தலைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாஷர் வையுங்கள். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நேரடியாகத் தகட்டைத் தொட்டால், அரிபடுவது தகடாகத்தான் இருக்கும்.